வேகம் கூட்டும் கணிப்பொறி: விளம்பரமும் வெப்பக் கணக்கும்

பிராசஸரை அதன் தயாரிப்பாளர் குறித்த துடிப்பு வேகத்திற்கு மேல் ஓட்டுவதை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். எந்தப் பிராசஸருக்கு எந்த மதர்போர்டு ஏற்றது என்று கூறும் பரிந்துரைகள் இன்று ஏராளம். அவற்றில் பொதுவாகக் காணும் குறை ஒன்றுண்டு. கணிப்பொறி இருக்கும் அறையின் வெப்பநிலையை அவை எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்முறையே வீண் என்று தள்ளிவிட முடியாது. 1998-இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசஸரின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5, ஆக வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டில் பஸ் வேகத்தை 100 ஆக்கியதும் அதே பிராசஸர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்தச் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே அமைக்கப்பட்டது. மலிவான பிராசஸரும் தகுந்த மதர்போர்டும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

இன்று நிலை வேறு. புதிய பிராசஸர்கள் தொழிற்சாலையிலேயே எல்லையை ஒட்டிய வேகத்திற்குத் தயார் செய்யப்படுகின்றன. எஞ்சும் இலாபம் சிறிது. அதற்குத் தரும் விலையோ பெரிது. ஏன்? பிராசஸரின் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் துடிப்பு வேகத்திற்கும் நேர்விகிதத்தில் உயரும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் 1.1 × 1.1 × 1.1 = 1.33. அதாவது பத்துப் பங்கு வேகத்திற்கு முப்பத்துமூன்று பங்கு வெப்பம்!

மணலி புதுநகரில் குளிர்சாதனம் இல்லாத ஓர் அறையைக் கொள்வோம். கோடையில் உள்ளே 36 டிகிரி செல்சியஸ். பிராசஸர் அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 86 டிகிரி. ஓவர்கிளாக் செய்ததும் 50 என்பது ஏறத்தாழ 66 ஆகும், மொத்தம் 102. பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியிலேயே தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் வந்த வழியே போய்விடும். 22 டிகிரி அறையில் சோதித்தவருக்கோ வெறும் 88 தான். கடற்காற்றின் உப்பும் லாரிகள் கிளப்பும் தூசியும் விசிறியில் படியப் படிய நம் கணக்கு இன்னும் மோசமாகும்.

மதர்போர்டுகளின் ‘தானியங்கி வேகம்’ என்னும் விளம்பரத்தையும் ஐயத்துடனே நோக்க வேண்டும். 2023-இல் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் சில எக்ஸ்3டி பிராசஸர்கள் மதர்போர்டோடு கருகின. மதர்போர்டு அளித்த எஸ்ஓசி மின்னழுத்தத்திற்கு 1.3 வோல்ட் என ஏஎம்டி வரம்பு கட்டியது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் சில மிகை மின்னழுத்தத்தால் பழுதுற்றன. அவற்றின் உத்தரவாதம் மேலும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. மதர்போர்டுகளை இன்டெல் வகுத்த அளவுகளிலேயே இயக்குமாறும் அந்நிறுவனம் அறிவுறுத்தியது.

ஆகவே ரிச்சி தெருவுக்குச் செல்லும் மாணவர் முதலில் பொருத்தம் பார்க்கட்டும். இன்டெல்லில் ‘கே’ எழுத்துடைய பிராசஸரும் ‘இசட்’ வகைச் சிப்செட்டும் வேண்டும். ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன்களுக்கு ‘பி’ அல்லது ‘எக்ஸ்’ வகை போதும். ‘ஏ’ வகை உதவாது. அடுத்து, மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதியின்மேல் கனமான வெப்பத்தகடு உள்ளதா என்று காண்க. வண்ண விளக்குகளுக்கு மதிப்பெண் வேண்டாம். இவற்றுக்கான கூடுதல் பணத்தில் ஒருபடி உயர்ந்த பிராசஸரும் நல்ல விசிறியும் கிடைக்குமானால், நம் ஊர் வெயிலுக்கு அதுவே சிறந்த தேர்வு.