பிறர் கைவண்ணம்: ஹோவர்ட் ஹாட்ஜ்கினின் அச்சோவியங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆங்கில ஓவியர்களுள் வண்ணத்தை மொழியாகக் கொண்டவர் எனப் போற்றப்படுபவர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின் (1932–2017). 1984இல் வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியில் பிரிட்டனின் சார்பாக இடம்பெற்றவர். 1985இல் டர்னர் பரிசு பெற்றவர். மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் அவர் தீட்டிய ஓவியங்களே அவருடைய புகழுக்கு அடிப்படை. ஒரு பலகையை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து மேன்மேலும் தீட்டுவது அவர் இயல்பு. டேட் கலைக்கூடத்தில் உள்ள ‘மழை’ என்னும் ஓவியத்திற்கு 1984–89 எனக் காலம் குறிக்கப்பட்டுள்ளமை இதற்குச் சான்று. இவ்வோவியங்களின் பக்கத்தில் வைத்து அவருடைய அச்சோவியங்களை நோக்குவோர் அவற்றை மூலத்தின் எளிய நிழல்களாகக் கொள்வதுண்டு. நிழல் என்னும் இம்மதிப்பீடு பொருந்தாது என்பதும், ‘ஓவியனின் கை’ என்று கலையுலகம் பேசிவரும் ஒன்றை ஐயத்திற்கு உள்ளாக்கியவை இவ்வச்சோவியங்களே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1960களில் லண்டனில் அச்சோவியம் என்றாலே பெரும்பாலும் பட்டுத்திரை அச்சு என்னும் நிலை இருந்தது. அம்முறையில் வண்ணம் சமதளமாக, ஓரம் சிதையாமல், கைபட்ட தடமே இன்றித் தாளில் அமரும். ஹாட்ஜ்கினும் அதனையே மேற்கொண்டார். 1971இல் வெளிவந்த ‘இந்தியக் காட்சிகள்’ என்னும் பன்னிரண்டு பட்டுத்திரை அச்சுகள், ஓடும் புகைவண்டியின் சாளரத்தினூடே கண்ட நிலப்பரப்பைச் சில வண்ணப்பட்டைகளாகச் சுருக்கித் தருகின்றன. சாளரச் சட்டமே ஓவியச் சட்டமாகிறது. இவை அழகியவை; ஆனால் குளிர்ந்தவை. 1977 முதல் அவர் வேறு வழியில் சென்றார். கல்லச்சிலோ எச்சிங் முறையிலோ அச்சிட்ட தாளின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டும் முறை அது. அச்சிடுவதற்கு முன்னரே தாளில் வண்ணம் பூசி அதன்மேல் அச்சிடுவதும் உண்டு. எனவே, காண்பவர் கண்ணுக்கு எது அச்சு, எது தூரிகை எனப் பிரித்தறிதல் அரிதாகும்.

இங்குத்தான் சிக்கல் எழுகிறது. அத்தூரிகையைப் பிடித்த கை ஹாட்ஜ்கினுடையது அன்று. அவர் ஒரு மாதிரித் தாளை ஒப்புதலளித்து நிறுவுவார். பதிப்பின் எல்லாப் படிகளிலும் அதே இடத்தில், அதே அகலத்தில், அதே வேகத்தில் வண்ணத்தைத் தீட்டுவோர் அச்சகத்தின் உதவியாளர்கள். 1982இல் வெளிவந்த ‘பிளீடிங்’ என்னும் கல்லச்சுக்குக் கையால் வண்ணமேற்றியவர் சின்டா ஸ்பார்லிங் என்று பதிவாகியுள்ளது. பின்னர் வில்ட்ஷரில் ஜாக் ஷிரெஃப் நடத்திய ‘107 ஒர்க்‌ஷாப்’ அச்சகம் இப்பணியை மேற்கொண்டது. தீட்டுபவர் தம் மனநிலையை அதில் வெளிப்படுத்தலாகாது, இயந்திரம் போன்று தன்முனைப்பின்றித் தீட்டவேண்டும் என்பதே ஓவியரின் விருப்பம். உணர்ச்சிப் பெருக்கில் வீசியதுபோல் தோன்றும் ஒரு தீற்று, உண்மையில் பலமுறை பயின்று, அளந்து இடப்பட்ட தீற்று.

கையால் வண்ணமேற்றுதல் இங்கிலாந்துக்குப் புதியதன்று. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதியின் 144 அக்வாடின்ட் அச்சுகளும் கையால் வண்ணமேற்றப்பட்டவை. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில் நந்தி, மதுரை அரண்மனை, மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம் ஆகியன அத்தொகுதி வழியாகவே ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தன. ஆயின் அங்கே வண்ணத்தின் கடமை தெளிவானது. கோடு முன்னரே எல்லையை வகுத்துவிடும். வானுக்கு நீலமும் மரத்துக்குப் பச்சையுமாக வண்ணம் அவ்வெல்லைக்குள் அடங்கி நிற்கும். ஹாட்ஜ்கினிடம் இவ்வுறவு தலைகீழாகிறது. வண்ணம் கோட்டுக்கு ஏவல் செய்வதில்லை. அச்சு இட்ட வடிவத்தை மறைக்கிறது. அதன் ஓரத்தை உடைக்கிறது. சில வேளை தாளின் விளிம்புக்கே சென்று சட்டமாக நின்றுவிடுகிறது. டேனியல்களின் அச்சிலிருந்து வண்ணத்தை நீக்கினால் மலைக்கோட்டை மலைக்கோட்டையாகவே எஞ்சும். ஹாட்ஜ்கினின் அச்சிலிருந்து நீக்கினால் எஞ்சுவது படம் ஆகாது.

1995இல் வெளிவந்த ‘வெனிஸ் காட்சிகள்’ இம்முறையின் உச்சம் எனத் துணியலாம். காலை, நண்பகல் கடந்த பொழுது, மாலை, இரவு என நான்கு அச்சோவியங்கள் அவை. நான்கிற்கும் அடிப்படையாக அமைந்தவை அதே ஐந்து தகடுகள்தாம். மாறுவன மையும் கைவண்ணமுமே. ஒவ்வோர் ஓவியமும் கிழித்த ஓரமுடைய பதினாறு தாள்களை இணைத்து அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் 60 படிகள். கணக்கிட்டால் ஒரு பொழுதுக்கு 960 தாள்கள்; நான்கு பொழுதுக்கும் 3,840 தாள்கள். அகத்தூண்டல், கணநேர வெளிப்பாடு முதலிய சொற்களை அரூப ஓவியத்தோடு ஒட்டவைத்துப் பழகிய திறனாய்வு இந்த எண்ணிக்கையின் முன் சற்றுத் தயங்கி நிற்கவேண்டும். இது பட்டறை உழைப்பு. சாணைக்கல் செய்யப் பயன்படும் கார்போரண்டத் துகளைப் பசையோடு குழைத்துத் தகட்டில் தீற்றினால், உலர்ந்தபின் அது மேடாக நின்று மையை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். அழுத்து உருளையின் கீழ்ச் செல்லும்போது தாளும் குழிந்து மேடுபடும். ஆகவே தூரிகையின் புடைப்பு போன்று தெரிவது அச்சாகவும், அச்சு போன்று மெல்லிதாகக் கிடப்பது தூரிகையாகவும் இருத்தல் கூடும். ஒரே தகட்டில் பிறந்த காலையும் இரவும் ஒன்றுக்கொன்று அயலாகத் தோன்றுவதே இத்தொகுதியின் வெற்றி. நகரம் மாறவில்லை; பொழுது மாறுகிறது. நிலம் நிற்கப் பொழுது மாறும் தன்மையைத் திணைக் கோட்பாட்டில் பயின்ற தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

தலைப்புகள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஹாட்ஜ்கின் தம்மை அரூப ஓவியர் என ஏற்றதில்லை. தோற்றங்களை அன்றி, உணர்வுச் சூழல்களின் உருவங்களைத் தாம் தீட்டுவதாகவே கூறிவந்தார். ஒரு நண்பரின் பெயர், ஓர் அறை, ஒரு மாலைப்பொழுது ஆகியவையே தலைப்பாகும். புள்ளிகளும் பட்டைகளுமாகக் கிடக்கும் தாளைத் தலைப்பு ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுகிறது. அகப்பாடலின் அடியில் நிற்கும் கூற்றுக் குறிப்பு, பேசுபவர் யார், கேட்பவர் யார் எனச் சுட்டிப் பாடலைத் திறந்துவிடுவது போன்றதே இது. குறிப்பை நீக்கினாலும் பாடல் நிற்கும், ஆனால் வேறாக நிற்கும். மேற்குறித்த ‘பிளீடிங்’ என்னும் தலைப்பைத் தமிழாக்கும்போது இது நன்கு புலப்படும். அவ்வாங்கிலச் சொல் குருதி வடிதலையும் குறிக்கும். ஒரு வண்ணம் மற்றொன்றினுள் ஊறிப் பரவுதலையும் குறிக்கும். அச்சுத்தொழிலில் படம் தாளின் விளிம்பைக் கடந்து செல்வதையும் குறிக்கும். ‘குருதிப் பெருக்கு’ என்றால் தொழில் போய்விடும். ‘சாயம் பரவல்’ என்றால் துயரம் போய்விடும். ‘கசிவு’ என்னும் சொல்லே ஓரளவு நெருங்கி வரும். புண்ணும் சாயமும் நெஞ்சும் கசிவன அல்லவா? விளிம்பு கடத்தல் என்னும் மூன்றாம் பொருள் அதிலும் கிட்டவில்லை.

இம்முறைக்கு எழும் மறுப்புகளுள் முதலாவது வணிகம் பற்றியது. கைபட்டது எனச் சொன்னால் விலை கூடும்; ஆகவே கைவண்ணம் என்பது அச்சுக்குத் தனித்தன்மை என்னும் முலாம் பூசும் உத்தி என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் விலைக்காகவே எனில் ஓவியரே படிக்குப் படி சிறிது மாற்றித் தீட்டியிருப்பின் அம்முலாம் இன்னும் ஒளிர்ந்திருக்கும். அவரோ எல்லாப் படிகளும் ஒத்திருக்கவேண்டும் என்றார். இரண்டாம் மறுப்பு ஆழமானது: பிறர் இட்ட தீற்றை ஓவியரின் உணர்வாக விற்பது பொய் அன்றோ? வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் படியாக்கம் கலைப்பொருளின் ஒருதனித் தன்மையை, அதைச் சூழ்ந்த ஒளியைத் தேய்க்கிறது என்றார். அவர் பிரிவினையில் கை ஒரு பக்கம், இயந்திரம் மறுபக்கம். ஹாட்ஜ்கினிடமோ கையே படியாக்கக் கருவியாகிவிடுகிறது. தகடு இட்ட மேடு தன்னியல்பானதாகவும், கை இட்ட தீற்று வரையறுக்கப்பட்டதாகவும் அமைகின்றன. ஆகவே பொய் என்பதைவிட, தீற்று என்பது ஆளின் கையொப்பம் என நம்பிய நம் பழக்கத்தை இவை வெளிப்படையாக்குகின்றன என்பதே பொருந்தும். இசையில் பாடலை இயற்றியவரும் பாடுபவரும் வேறு என்பதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் இசையில் பாடுபவரின் பெயர் அறிவிக்கப்படுகிறது.

மெய்யான குறை பெயரைப் பொறுத்தது. தாளில் நிற்பது ‘எச்.எச்.’ என்னும் முதலெழுத்துகள் மட்டுமே. இதனை ஹாட்ஜ்கின் நன்கறிந்த மற்றொரு மரபோடு வைத்துப் பார்த்தல் தகும். பள்ளிப் பருவத்திலேயே இந்தியச் சிற்றோவியங்களில் ஈடுபட்ட அவர், 1964இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சார்ந்த ராபர்ட் ஸ்கெல்டனுடன் முதன்முதல் இந்தியாவுக்கு வந்தார். வாழ்நாள் முழுதும் முகலாய, தக்காண, இராசபுத்திர, பகாடி ஓவியங்களைத் திரட்டினார். அத்திரட்டின் பெரும்பகுதியை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2022இல் பெற்றது. அவர் நேசித்த இம்மரபு கூட்டுழைப்பின் மரபு. லண்டனில் உள்ள அக்பர் நாமாச் சுவடியின் ஓவியங்களில், வரைவமைத்தவர் இன்னார், வண்ணந்தீட்டியவர் இன்னார் என ஓரத்தில் எழுத்தர் குறித்துவைத்துள்ளார். பகாடி வரைபடங்களில் எவ்விடத்தில் எவ்வண்ணம் என்பதைக் கோடுகளுக்கிடையே எழுத்தால் சுட்டும் வழக்கமும் உண்டு. வண்ணமிடுபவர் வேறொருவர் என்பதற்கு இதுவே போதிய குறிப்பு. பதினாறாம் நூற்றாண்டின் அரண்மனைப் பட்டறை தன் வண்ணக்காரரின் பெயரை ஓவியத் தாளின் ஓரத்திலேயே எழுதிவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் அச்சோவியத்தில் அப்பெயரைத் தேடுவோர் லீஸ்பெத் ஹீங்க் தொகுத்து 2003இல் வெளிவந்த முழு அட்டவணை போன்ற நூல்களை நாடவேண்டும். சுவரில் மாட்டிய தாள் அதனைச் சொல்லாது. அச்சோவியத்தின் புதுமையைப் பாராட்டும் திறனாய்வு இவ்விடத்தில் வாளாவிருத்தல் முறையன்று.

எல்லா அச்சுகளும் ஒரே தரத்தன எனவும் கொள்ளுதற்கில்லை. 2009இல் சிவப்பு, நீலம் என இரு வடிவில் வெளிவந்த ‘ஆஸ் டைம் கோஸ் பை’ ஒவ்வொன்றும் இருபதடி நீளமுடையது. ஐந்து பகுதிகளால் ஆனது. ஏழு படிகளே உடையது. எச்சிங் முறையில் இவ்வளவு பெரிய பரப்பைச் சாதித்தது அச்சகத்தின் தொழில் திறனுக்குச் சான்று. ஆனால் ஹாட்ஜ்கினின் வலிமை நெருக்கத்தில் உள்ளது. ஓர் அறையின், ஓர் உரையாடலின் அளவில் சுடர்விடும் தீற்று, இருபதடிக்கு விரிந்தபோது மேடைத்திரையின் பகட்டைப் பெறுகிறது. 1978இல் அகமதாபாத்தில், ஈரமான கைத்தாளில் துணிச்சாயத்தால் விரைந்து தீட்டிய ‘இந்திய இலைகள்’ இதற்கு நேர்மாறு. அங்கே திருத்தத்திற்கு இடமில்லை. தாள் உலர்வதற்குள் முடிவு செய்தாகவேண்டும். சிறியவை, எனினும் பெரிய அச்சுகளைவிட நெடுநேரம் கண்ணை நிறுத்துபவை.

பிறர் கையில் தம் தீற்றை ஒப்படைக்கும் இம்முறையின் மற்றொரு சான்று அச்சில் இல்லை. புதுதில்லியில் கஸ்தூர்பா காந்தி சாலையில் உள்ளது. சார்லஸ் கொரியா வடிவமைத்து 1992இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தின் முகப்பில், ஆலமரத்தின் நிழல் சுவரில் படர்வது போன்ற வடிவத்தை ஹாட்ஜ்கின் அமைத்தார். வண்ணத்தால் பெயர்பெற்றவர் அங்கே வண்ணத்தை முற்றும் துறந்தார். வெள்ளை மக்ரானாச் சலவைக்கல்லும் கறுப்புக் கடப்பைக்கல்லும் மட்டுமே. தூரிகையின் வளைவுகளைக் கல்லில் அறுத்து, ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியவர்கள் கல் தொழிலாளர்கள். வளைவின் ஓரம் அருகில் சென்று பார்த்தாலும் கூர்மையாகவே உள்ளது. அங்கே கசிவு என்பது இல்லை.