ஓய்வுநாள் பாடசாலையும் பிள்ளையின் வினாவும்

கல்வி என்னும் சொல் 'கல்' என்னும் அடியிற் பிறந்தது. கல்லுதல் என்றால் தோண்டுதல். பிள்ளையின் உள்ளத்தில் உறங்குவதைத் தோண்டி வெளிக்கொணர்வதே ஆசிரியன் தொழில் என்பது இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. நம் தமிழ்த் திருச்சபைகள் ஞாயிறுதோறும் நடத்தும் சமய வகுப்புகளை நோக்கின், தோண்டும் வேலை குறைந்து நிரப்பும் வேலை மிகுந்திருக்கக் காண்கிறோம். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சில கருத்துகளை எடுத்துரைக்க விழைகிறேன்.

அண்மையில் கிள்ளான் வட்டாரத்துத் திருச்சபை ஒன்றில் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் முறை பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பேசுமுன் வகுப்பைப் பார்க்க விரும்பினேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து வேதவசனம் ஒன்றைத் தட்டின்றி ஒப்புவித்தாள். அனைவரும் கைதட்டினர். அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ் வசனம் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. "ஏம்மா, கிருபை என்றால் என்ன?" என்று கேட்டேன். "எங்கள் அத்தை பேர், சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பொருளைச் சொன்னாள். வசனத்தைக் கற்பித்தவர்கள் அதற்கு மேல் ஒன்றும் அவளுக்குத் தரவில்லை.

ஓய்வுநாள் பாடசாலை எதற்காகத் தோன்றியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் நலம். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரில் வார இதழ் நடத்திய இராபர்ட் இரெய்க்ஸ் 1780-இல் இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். வாரமெல்லாம் வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கு முதலிற் கற்பித்தது எழுத்து. பிள்ளை தானே வாசித்து அறிய வேண்டும் என்பதே நோக்கம். எழுத்தறிவின்றி ஒலியை மட்டும் மனனம் செய்விக்கும் இன்றைய முறை, அந்நோக்கத்தையே தலைகீழாக்கிவிட்டது.

தமிழிலும் இதன் வரலாறு பழைமையானது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அஃது 16 பக்கமுள்ள சமயக் கல்வி நூல். மறு ஆண்டு வந்த 'கிரிசித்தியானி வணக்கம்' ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை நூல். இரண்டையும் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். தமிழ் அச்சின் பிறப்பே பிள்ளைக்குக் கற்பிக்கும் முயற்சியோடு பிணைந்தது. ஆயினும் வினாவிடை முறையில் ஒரு குறையுண்டு. வினாவும் நூலினது, விடையும் நூலினது. பிள்ளைக்கு மிஞ்சுவது ஒப்புவித்தல் ஒன்றே. நூற்றாண்டுகள் கடந்தும் அக்குறையை நாம் நீக்கவில்லை.

இனிக் கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலைக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் சிறிது தூரத்துக்குள்ளே பாத்திமா அன்னை ஆலயமும், சீயோன் லுத்தரன் ஆலயமும், தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும் உள்ளன. கிள்ளானில் லூர்து மாதா ஆலயம் உள்ளது. இவ்வட்டாரத்தில் திருச்சபையும் பள்ளியும் ஒருங்கே வளர்ந்தன. கோலாலம்பூர் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897-இல் தோன்றியது. இன்றோ அரசாங்கப் பாடத்திட்டத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும், ஏனையோர்க்கு நன்னெறிக் கல்வியும் உள்ளன. எனவே கிறித்தவப் பிள்ளைக்குத் திருச்சபை தருவது வாரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. விடுமுறையும் விழாவும் கழித்தால் ஆண்டுக்கு 40 மணி நேரம் தேறுவது அரிது. அதையும் பொருளறியா ஒலிகளுக்குச் செலவிடலாமா?

மொழிச் சிக்கலையும் மறைக்க வேண்டுவதில்லை. சீர்திருத்தத் திருச்சபைகள் பெரும்பாலும் பயன்படுத்தும் வேதாகமம், பவர் ஐயர் தலைமையிலான குழு 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. 'இரட்சிப்பு', 'பரிசுத்த ஆவி' என்பன அதன் சொற்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மீட்பு', 'தூய ஆவி' என்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவன் 'மீட்பு' என்பதைச் செய்தித்தாளிலும் காண்பான். 'இரட்சிப்பு' அவனுக்குக் கோவிலுக்குள் மட்டும் வாழும் சொல். பழைய சொல்லை அகற்றுக என்று யான் கூறவில்லை. பாட்டி மன்றாடும் சொல் அது. இரண்டையும் அருகருகே வைத்து விளக்குவாரில்லையே என்பதுதான் என் முறையீடு.

தமிழ்ப்பள்ளிக்கு வருபவர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆண்டுக்கணக்கிற் பயின்று வருகிறார். ஓய்வுநாள் பாடசாலையிலோ நல்ல மனமுடைய இளைஞர் ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, "நீங்கள் எடுங்கள், தம்பி" என்கிறோம். அவர்மேற் குற்றமில்லை. வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடியதோடு நில்லாமல், ஊர்தோறும் சமயம் கற்பித்த உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலும் இயற்றினார். கற்பிப்பவரை முதலில் உருவாக்க வேண்டும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே அவர் உணர்ந்திருந்தார். கட்டடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்டும் நம் சபைகள், ஆசிரியப் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்குகின்றன?

"பிள்ளைகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் சிந்திக்கிறார்கள், தமிழை ஏன் வற்புறுத்த வேண்டும்?" என்று கேட்கும் பெற்றோர் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. தமிழே அறியாத பிள்ளைக்கு அறிந்த மொழியில் விளக்குவது கடமை. ஆனால் அறிந்த மொழியில் விளக்கமும் இல்லை, தமிழில் எழுத்தும் இல்லை என்ற இன்றைய நிலை இரண்டுங்கெட்டது. தமிழ் ஆராதனையில் பாட்டியின் அருகில் அமரும் பேரப்பிள்ளை, பாட்டி எதற்காகக் கண்ணீர் விட்டு மன்றாடுகிறாள் என்று அறியாமல் இருக்குமானால், பதினெட்டு வயதில் அப்பிள்ளை அவ்விடத்தில் இராது. சபை மூப்பர்கள் வருந்தும் வெற்றிடம் அங்கேதான் தொடங்குகிறது.

என் பரிந்துரைகள் மூன்று. வகுப்பின் முதல் பத்து நிமிடம் தமிழெழுத்துக்கு ஆகட்டும். வாரத்துக்கு ஒரு சொல்லை மட்டும் எடுத்து, பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் விளக்கி, அதை வாழ்க்கையோடு பொருத்திக் காட்டட்டும். கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் கேட்கும் நேரமாகட்டும்; ஆசிரியர்க்கு விடை தெரியாவிடின், "அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறுவதில் இழுக்கில்லை. இவற்றைச் செய்யத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். சபைகள் தத்தம் வேறுபாடுகளை ஒதுக்கி, ஆண்டுக்கு இருமுறை அவர்களை அழைத்துப் பொதுப் பயிற்சி நடத்தலாம்.

இது கிறித்தவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் பயின்ற ஆறுமுக நாவலர், அங்குக் கண்ட முறையைத் தம் சமயத்துக்கு ஆக்கிக்கொண்டு, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவினார். பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார். சமயக் கல்வியும் தமிழ்க் கல்வியும் பிரியா என்பதை இருசாராரும் அன்று அறிந்திருந்தனர். நம் கோவில்களின் சமய வகுப்புகளிலும் தேவாரம் உரோமன் எழுத்தில் வழங்கும் இந்நாளில், தமிழாசிரியர் அனைவரும் எண்ண வேண்டிய பொருள் இது.

கிள்ளானில் அன்று வகுப்பு முடிந்ததும் அச்சிறுமியை அழைத்து, கிருபை என்பதன் பொருளை அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்தவள், "அப்படின்னா அத்தைக்கு ஏன் சார் அந்தப் பேர் வெச்சாங்க?" என்று கேட்டாள். அவ்வகுப்பில் பிள்ளை ஒன்று தானாகக் கேட்டு நான் செவியுற்ற முதல் வினா அது. பாட்டியிடம் கேட்டு வந்து அடுத்த ஞாயிறு வகுப்பிற் சொல்லும்படி அனுப்பினேன். அதைக் கேட்க ஆசிரியர் காத்திருக்க வேண்டும்.