பதினேழால் வகுத்த இறக்கை

2018 ஏப்ரல் 4. ஃபுளோரிடாவின் டேடோனா பீச் விமான நிலையம். எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் பயிற்சி விமானம் ஒன்று, பைப்பர் பிஏ-28ஆர்-201, 'டச் அண்ட் கோ' முடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதாவது தரையைத் தொட்டு, நிற்காமல் அப்படியே திரும்ப ஏறுவது. ஓடுபாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இடது இறக்கை தனியாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த மாணவரும், அவருக்குத் தேர்வு வைக்க வந்திருந்த தேர்வாளரும் இறந்துபோனார்கள். புயல் இல்லை, சாகசமும் இல்லை. சாதாரணமான ஒரு தேர்வுப் பறப்பு.

விமானம் 2007-இல் செய்யப்பட்டது, அப்படி ஒன்றும் கிழடு இல்லை. ஆனால் பயிற்சிப் பள்ளியில் விமானங்கள் வாடகை சைக்கிள் மாதிரி ஓடும். பதினோரு வருடத்தில் சுமார் 7,700 மணி நேரம் பறந்திருந்தது. தரையிறக்கங்கள் 33,000-க்கு மேல். விதிப்படி செய்ய வேண்டிய ஆய்வுகள் எல்லாம் செய்திருந்தார்கள். கடைசி ஆய்வு முடிந்ததே விபத்துக்கு முந்தைய மாதம்தான்.

இறக்கையின் நீளத்துக்கு ஓடும் பிரதான உத்திரத்தை ஸ்பார் என்பார்கள். உடலுக்கு அடியில் இருக்கும் பெட்டி போன்ற சட்டத்தோடு அதை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளும். ஸ்பாரின் மேல்பாகம் நசுங்கும், கீழ்பாகம் இழுபடும். இழுபடும் அந்தக் கீழ்ப்பட்டையில் போல்ட்டுக்காக ஓட்டை போட்டிருக்கிறது. தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்பது இயந்திரவியல் படித்தவர்களுக்குப் பழைய பாடம். எஃகுக்காவது ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை தடவை இழுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த நிம்மதி கிடையாது. ஒவ்வொரு இழுப்பும் கணக்கில் ஏறும். விரிசல் ஓட்டைக்குள்ளே, போல்ட் மறைவில் தொடங்குகிறது. வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. அதே பள்ளியின் மற்ற விமானங்களைச் சோதித்தபோது இன்னொன்றிலும் விரிசல் இருந்தது.

இதற்குப் பதிலாக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்ஏஏ) கொண்டுவந்த கட்டாய ஆய்வு ஆணையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இந்த மாதிரி ஆணைகளை ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், சுருக்கமாக ஏடி என்பார்கள். வடிவமைப்பில் ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் ஏடி வரும்; அதன்படி செய்யாத விமானம் சட்டப்படி பறக்கக் கூடாது. இதன் எண் 2020-26-16. வரைவு 2018 டிசம்பரில் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். விபத்திலிருந்து கணக்குப் போட்டால் 34 மாதம்.

தாமதத்தைப் பற்றி எல்லாரும் பேசியாச்சு. என் குறை ஆணைக்குள்ளே இருக்கிற ஒரு சூத்திரத்தின் மேல்.

எஃப்ஏஏ-வின் சிக்கல் நியாயமானதுதான். பிஏ-28 குடும்பம் பெரியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவி பிள்ளைகளோடு பறக்கிறவரிடமும் இருக்கிறது, தினம் பத்துத் தடவை தரையில் மோதுகிற பள்ளியிலும் இருக்கிறது. ஒரே மணி நேரம், ஆனால் ஒரே தேய்மானம் இல்லை. எல்லாரையும் போல்ட்டைக் கழற்றச் சொன்னால் அநியாயம். யாரிடம் மட்டும் சொல்வது? எந்த விமானம் எப்படிப் பறந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் மொத்த மணி நேரம் இருக்கும், ஆய்வுகளின் பட்டியல் இருக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் அவர்கள் ஒரு அடையாளத்தைப் பிடித்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானங்களும், பயிற்சி தருபவரே விமானத்தையும் கொடுத்துக் கட்டணம் வாங்கும் விமானங்களும், ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஒரு ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. எனவே பதிவேட்டில் 100 மணி ஆய்வு எத்தனை என்று எண்ணு. அதை 100-ஆல் பெருக்கு. அது 'கடின உழைப்பு' மணி. மொத்தத்தில் மிச்சமிருப்பது 'சொகுசு' மணி, அதை 17-ஆல் வகு. இரண்டையும் கூட்டு. விடை 5,000-ஐத் தொட்டால் இறக்கை போல்ட்டைக் கழற்றி, எடி கரண்ட் முறையில் ஓட்டையின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும். விரிசல் இருந்தால் ஸ்பாரையே மாற்ற வேண்டும்.

முதல் தடவை படிக்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. இருக்கிற காகிதத்தை வைத்தே கணக்குப் போட்டுவிட்டார்களே என்று. அப்புறம் பழைய விபத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இதே குடும்பத்தில் இறக்கை பிய்ந்தது 2018-இல் முதல் தடவை இல்லை. 1987-இல் டெக்சாஸில் ஒரு பிஏ-28-181 இதே மாதிரி இறக்கையை இழந்தது. அது குழாய் ரோந்து விமானம்: எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் போகிற பாதையில் மிகத் தாழ்வாகப் பறந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தரைக்குப் பக்கத்தில் வெயில் சூட்டில் காற்று குலுக்கும். நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டே பறக்க வேண்டும். ஸ்பாருக்கு இதைவிட மோசமான வாழ்க்கை கிடையாது.

அந்த வேலைக்கு 100 மணி ஆய்வு கட்டாயமா? இல்லை. விமானி மட்டும் தனியாகப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வருகிறார். காசுக்குப் பயணி ஏற்றவில்லை, பாடமும் நடத்தவில்லை. விதி அவரைத் தொடாது. அந்த நிறுவனம் தானாக முன்வந்து 100 மணி ஆய்வு செய்து எழுதி வைத்திருந்தால் சரி. வருடாந்திர ஆய்வோடு நிறுத்திக்கொண்டிருந்தால்? 8,500 மணி நேரம் ரோந்து போன விமானத்தின் கணக்கு மணி, 8,500-ஐ 17-ஆல் வகுத்தால், 500. புது விமானம்! அது 5,000-ஐத் தொட வேண்டுமென்றால் 85,000 மணி நேரம் பறக்க வேண்டும். வருஷத்துக்கு 500 மணி என்று வைத்தாலும் 170 வருஷம்.

அதாவது, எந்த மாதிரி உழைப்பில் இறக்கை முதலில் பிய்ந்ததோ, அந்த மாதிரி உழைப்பையே சூத்திரம் சொகுசுக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். சூத்திரம் அளப்பது உலோகத்தின் களைப்பை இல்லை, காகிதத்தின் தடிமனை. அதுவும் யார் ஒழுங்காக ஆய்வு செய்து பதிந்தார்களோ அவர்களின் காகிதத்தை. கட்டாயமில்லாமலே அக்கறையாக 100 மணிக்கு ஒரு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்ட உரிமையாளர் ஒருவர் இருந்தால், அவருடைய நல்ல பழக்கமே அவர் விமானத்தைக் கடின உழைப்பாளியாக்கி 5,000-க்கு இழுத்து வரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பதிவேடு தொலைந்துபோன விமானங்களையும் ஆணை தன் வலைக்குள் இழுக்கிறது. அதில் தப்பில்லை, ஆனால் பதிவேடு முழுசாக இருந்து, அதில் 100 மணி ஆய்வு ஒன்றுகூட இல்லாத ரோந்து விமானம் வலைக்கு வெளியே நிற்கிறது.

"எல்லாச் சூத்திரமும் தோராயம்தானே, எதையாவது வைத்துத் தொடங்க வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் தோராயம் எந்தப் பக்கம் தப்பு செய்கிறது என்பது முக்கியம். தேவையில்லாதவரைச் சோதிக்கச் சொல்வது செலவு. தேவையானவரை விட்டுவிடுவது இறக்கை. 'தாழ்வாகப் பறக்கும் ரோந்து, கணக்கெடுப்பு வேலைகளில் ஓடிய மணிகளைப் பதினேழால் வகுக்காதே' என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த உரிமையாளர்களுக்குத் தங்கள் விமானம் என்ன வேலை செய்தது என்று தெரியாமலா இருக்கும்?

1987 விபத்துக்கு அப்புறம் நடந்ததும் இங்கே பொருந்தும். அப்போதும் ஒரு ஏடி வந்தது, 87-08-08. இறக்கையைக் கழற்றிச் சாயம் ஊற்றி விரிசல் தேடச் சொன்னது. நூற்றுக்கணக்கான விமானங்களைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எதுவும் அகப்படவில்லை. 1989-இல் ஆணையை ரத்து செய்தார்கள். 1993-இல் மாசசூசெட்ஸில் இன்னொரு பிஏ-28-181 இறக்கையை இழந்தது.

தேடினோம், இல்லை, எனவே ஆபத்தில்லை. இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது? ஊரிலுள்ள எல்லாரையும் எக்ஸ்ரே எடுத்து நூறில் ஒருத்தருக்குக்கூட நுரையீரல் நோய் இல்லை என்று சொல்லி, சுரங்கத் தொழிலாளிகளின் பரிசோதனையையும் நிறுத்துவது மாதிரி. கேட்க வேண்டிய கேள்வி மொத்த விமானங்களில் எத்தனை என்பது இல்லை. கடுமையாக உழைத்தவற்றில் எத்தனை என்பது. 2021 ஆணை பகுத்துப் பார்க்க முயல்கிறது என்பது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. பகுக்க எடுத்த கத்திதான் மொட்டை.

எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் லேசானதில்லை. விமான உரிமையாளர் சங்கங்கள், ஏஓபிஏ, இஏஏ போன்றவை, வரைவு வந்தபோதே ஒன்றைச் சொன்னார்கள்: இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் போல்ட்டைக் கழற்றும்போது ஓட்டையில் கீறல் விழும், அந்தக் கீறலே நாளைய விரிசலுக்கு விதை. ஆய்வே நோயை உண்டாக்கும் என்ற இந்தப் பயத்துக்குப் பழைய ஆதாரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோரக் காவல் விமானப்படைக்காக வேலை செய்த உயிரியலாளர் சி.ஹெச். வாடிங்டன், கோளாறுகள் எப்போது வருகின்றன என்று கணக்கெடுத்தார். திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த உடனேதான் கோளாறு உச்சம்; போகப் போகக் குறைகிறது. கைபட்டதே கெடுத்திருக்கிறது. ஆய்வு இடைவெளியை நீட்டியதும் விமானங்கள் அதிக நேரம் பறந்தன. அந்த வேலை 1973-இல்தான் புத்தகமாக வந்தது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் எழுதிய அறிக்கை, பல பாகங்களில் காலக்கெடு வைத்துப் பிரித்துப் பார்ப்பதால் பயனில்லை என்று இன்னும் விரிவாகக் காட்டியது.

ஆனால் வாடிங்டனை இங்கே இழுப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அவர் பார்த்தவை பெரும்பாலும் தெரிகிற, பொறுத்துக்கொள்ளக்கூடிய கோளாறுகள். எஞ்சின் இருமினால் விமானி திரும்பி வந்துவிடலாம். ஸ்பார் இருமாது. முன்னறிவிப்பே தராமல் போகிற, போனால் மாற்று இல்லாத பாகம் அது. நௌலன், ஹீப் சொன்ன முறையிலும், மறைந்து வளர்கிற உலோகக் களைப்புக்கு ஆய்வுதான் மருந்து. எனவே சங்கங்களின் வாதம் 'கழற்றவே கூடாது' என்பதற்கு ஆதரவாகாது. 'சரியான ஆளை வைத்து, சரியான விமானத்தில் மட்டும் கழற்று' என்பதற்குத்தான் ஆதரவு. எடி கரண்ட் சோதனை, கம்பிச் சுருள் உள்ள ஒரு முனையை ஓட்டைக்குள் விட்டு உலோகத்தில் சின்ன மின்சுழல்களைத் தூண்டி, விரிசலில் அவை தடைபடுவதைத் திரையில் படிப்பது. வழக்கமான மெக்கானிக்கின் வேலை இல்லை, அதற்கென்று தகுதிச் சான்று பெற்றவர் வேண்டும். ஊருக்கு ஊர் கிடைக்க மாட்டார்கள்.

ஒப்பிட, செஸ்னா இருக்கைத் தண்டவாள ஆணையைப் பாருங்கள் (1987-இல் வந்தது, 2011-இல் புதுப்பித்தார்கள்). இருக்கையைப் பிடித்து நிறுத்தும் ஊசி விழுகிற துளை தேய்ந்துபோனால், மேலே ஏறும்போது விமானியின் இருக்கை சடாரென்று பின்னால் வழுக்கும். கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போகும், மூக்கு வானத்தைப் பார்க்கும். ஆணை என்ன கேட்கிறது? 100 மணி ஆய்விலோ வருடாந்திர ஆய்விலோ துளையை அள, விரிசல் பார், தேய்ந்திருந்தால் மாற்று. எல்லா விமானத்துக்கும், திரும்பத் திரும்ப. பாகமே தன் நிலையைச் சொல்கிறது, நடுவில் சூத்திரம் இல்லை. ஸ்பாரில் அவ்வளவு சுலபமாக அளக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் யாரை அளப்பது என்ற தேர்வில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. 2021 ஆணை கேட்பது ஒரே ஒரு தடவை சோதனை. 5,000 கணக்கு மணியில் ஓட்டை சுத்தமாக இருந்தால் முடிந்தது. டேடோனாவில் பிய்ந்த இறக்கை சுமார் 7,700-இல் பிய்ந்தது. 5,000-இல் சோதித்துச் சுத்தம் என்று சான்று வாங்கிய பள்ளி விமானம், அடுத்த 2,700 மணி நேரத்தை, இன்னும் ஆயிரக்கணக்கான தரையிறக்கங்களை, அந்தச் சான்றின் பலத்திலேயே ஓட்டலாம். இது இடைக்கால நடவடிக்கை என்று எஃப்ஏஏ-வே சொல்கிறது. ஒவ்வொரு சோதனையின் முடிவையும் தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது. வந்து சேர்ந்த முடிவுகளோடு அந்தந்த விமானம் செய்த வேலை என்ன, பள்ளியா, ரோந்தா, வாடகையா, தரையிறக்கம் எத்தனை என்பதையும் கேட்டு வாங்கிப் பொதுவில் போட்டால், பதினேழு என்ற எண் சரியா என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.