நால்வர் அணி ஏன் கலைகிறது?

பொங்கல் விழாவில் கயிறிழுக்கும் போட்டியை ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். எட்டுப்பேர் இழுத்தால் எட்டு மடங்கு விசை கிடைக்குமா? கிடைக்காது. பிரெஞ்சு வேளாண் பொறியியலறிஞர் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எண்மர் சேர்ந்து இழுக்கையில் ஒவ்வொருவரின் பங்கும், அவர் தனியே இழுத்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். 'மற்றவர் இழுப்பார்' என்னும் தளர்ச்சி மற்றொன்று.

இதை மனத்திற்கொண்டு, இளைஞர்கள் கைப்பேசியில் ஆடும் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' விளையாட்டைப் பார்ப்போம். தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட இது, 2022 ஜூலையில் இந்தியாவில் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. இதன் முதன்மை ஆட்டத்தில் நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குவர். நால்வர் நால்வராக அணி சேரலாம். உடன் நண்பர் இல்லாதவருக்கு, முன்பின் அறியாத மூவரைக் கணினியே சேர்த்துவிடும். குறை இங்கேதான் தொடங்குகிறது.

எங்கே இறங்குவது, எப்போது நகர்வது, யாரைக் காப்பது? நால்வருக்குள் 6 இணைகள் உண்டு. ஆறிலும் உடன்பாடு வேண்டும். விசைத்தறிக் கூடத்தின் தேநீர் இடைவேளையில் ஆடும் பள்ளிபாளையத்து இளைஞர் தமிழில் கூப்பிட, மற்றவர் இந்தியில் பதில் சொன்னால் என்ன ஆகும்? ஆட்டமோ அரைமணி நேரம் வரை நீளும். ஒவ்வொருவரும் பாதியில் விலகாமல் நிற்கும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று கொண்டாலும், நால்வரும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு 66 விழுக்காடுதான். எஞ்சிய மூவர், நால்வர் அணிகளை எதிர்க்க வேண்டும்.

ஆயத்தச் செய்திகளும் குறியீடுகளும் இதில் உள்ளன என்பது உண்மையே. பகைவர் வருவதைச் சொல்ல அவை போதும். திட்டம் வகுக்கப் போதா.

இதே விளையாட்டில் நால்வரும் நால்வரும் மோதும் குறு ஆட்டம் ஒன்று உண்டு. முதலில் 40 பேரை வீழ்த்தும் அணி வெல்லும். வீழ்ந்தவர் உடனே மீண்டெழுவார். ஒருவர் பிழை அணியை முடக்குவதில்லை. ஆகவே அறிமுகமற்றோரும் மகிழ்ந்து ஆட முடிகிறது. நம் கபடியிலும், வெளியேறியவர் தம் அணி எதிரியை வீழ்த்தியதும் களத்துக்குத் திரும்புகிறார் அல்லவா?

'அணி உணர்வு இல்லை' என்று ஆடுபவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் பழுது அமைப்பில் இருக்கிறது. பாரம் இழுப்போர் 'ஐலசா' என்பது உற்சாகத்துக்காக மட்டுமன்று. விசை ஒரே நொடியில் சேர்வதற்காகவும்தான். நால்வர் ஆட்டம் அறிமுகமற்றோர் கையில் கயிற்றைக் கொடுக்கிறது. அந்தக் குரலைக் கொடுக்கவில்லை.