வெற்றிடக் குழல் மாற்றமும் ஒலி ரசனையும்: ஒரு திறனாய்வு

வெற்றிடக் குழலால் இயங்கும் பெருக்கியில் நன்றாக வேலை செய்யும் ஒரு குழலைக் கழற்றிவிட்டு, அதே வகையில் வேறொரு நிறுவனமோ வேறொரு காலமோ தந்த குழலைப் பொருத்தி, ஒலியைத் தன் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது குழல் மாற்றம் எனப்படும். வீடுகளில் வால்வு ரேடியோ ஒலித்த காலத்தில் வால்வு என்று சொல்லப்பட்டது இந்தக் குழல்தான். அன்று வால்வு எரிந்துபோனால் மட்டுமே மாற்றினார்கள். இன்று விலையுயர்ந்த ஒலிக்கருவி வைத்திருப்போரிடையே அது ஒரு ரசனைப் பயிற்சியாகவும் பெரிய வணிகமாகவும் வளர்ந்திருக்கிறது.

குழலை மாற்றினால் ஒலி மாறக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களே ஆராயத் தக்கவை. குழலின் அளவுகளிலும் சுற்றின் அமைப்பிலும் இருக்கும் காரணத்தை நிறுவனத்தின் பெயர் மீது ஏற்றிச் சொல்வது இத்துறையில் வழக்கமாகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குழலும் அதன் அளவுகளும்

1904இல் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இருமுனைக் குழலை உருவாக்கினார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். சூடான எதிர்மின்வாயிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்கள் நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன. இடையிலுள்ள வலையில் தரும் சிறு மின்னழுத்தம் அந்த ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. சிறிய குறிகை பெரிதாவது இப்படித்தான்.

ஒலிக்கருவிகளில் மிகவும் புழங்கும் சிறு குழல் 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் இதன் பெயர் இசிசி83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனையங்கள் கொண்ட இதன் பெருக்கக் காரணி 100. வழக்கமான இயக்க நிலையில் உள்மின்தடை சுமார் 62,500 ஓம். இதே காலமைப்புள்ள 5751 குழலின் பெருக்கக் காரணி 70, உள்மின்தடை சுமார் 58,000 ஓம். 12ஏயூ7 குழலுக்கு இவை முறையே 17, 7,700 ஓம். மூன்றும் ஒரே தாங்கியில் பொருந்தும். ஆனால் தாங்கியில் பொருந்துவது ஒன்று, சுற்றுக்குப் பொருந்துவது வேறு.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். சுமை மின்தடை 1,00,000 ஓம் உள்ள எளிய சுற்றில், பெருக்கக் காரணியைச் சுமை மின்தடையால் பெருக்கி, சுமையும் உள்மின்தடையும் சேர்ந்த தொகையால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். 12ஏஎக்ஸ்7க்கு இது சுமார் 61. 5751க்கு சுமார் 44. வேறுபாடு ஏறத்தாழ 3 டெசிபெல். 12ஏயூ7 பொருத்தினால் சுமார் 16 மட்டுமே. வேறுபாடு ஏறத்தாழ 12 டெசிபெல். 5751 பொருத்தியதும் ஒலி மென்மையாகிவிட்டது, முரட்டுத்தனம் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், ஒலியளவு 3 டெசிபெல் குறைந்ததைத்தான் அவர் முதலில் கேட்டிருக்கிறார்.

பொறியாளர்கள் விரும்பியது

குழலுக்குக் குழல் ஒலி மாறுவது அக்காலப் பொறியாளர்களுக்குத் தலைவலியாக இருந்தது. தொலைபேசித் தடத்தில் பல பெருக்கிகள் தொடராக நின்றன. குழல் முதுமையடைந்தால் பெருக்கம் குறைந்தது. புதிதாக மாற்றினால் கூடியது. ஒவ்வொன்றின் பிழையும் அடுத்ததில் சேர்ந்துகொண்டே போயிற்று. இதற்குத் தீர்வாக 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்டு பிளாக் எதிர்ப் பின்னூட்ட முறையைக் கண்டறிந்தார். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பித் தருவதே அம்முறை. பெருக்கத்தில் ஒரு பங்கை இழந்து, அதற்கு ஈடாக நிலைத்தன்மையைப் பெறலாம்.

பின்னூட்டம் இல்லாமல் 1,000 மடங்கு பெருக்கும் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியீட்டில் நூறில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால் பெருக்கம் 1,000 வகுத்தல் 11, அதாவது 90.9 ஆகும். இப்போது பலவீனமான குழலைப் பொருத்தி, 1,000 என்பது 800 ஆகக் குறைந்ததாகக் கொள்வோம். பின்னூட்டம் இல்லாவிட்டால் ஒலி ஏறத்தாழ 2 டெசிபெல் இறங்கியிருக்கும். பின்னூட்டத்துடன் பெருக்கம் 800 வகுத்தல் 9, அதாவது 88.9. இறக்கம் 0.2 டெசிபெல்தான். குழலால் வரும் உருத்திரிபும் இதே போலச் சுருங்குகிறது. 1947இல் டி. டி. என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டுப் புகழ்பெற்ற பெருக்கியில் இந்த அளவை ஒட்டி, சுமார் 20 டெசிபெல் பின்னூட்டம் இருந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். குழலை மாற்றும்போதெல்லாம் ஒலி பெரிதும் மாறுகிறது என்றால், அந்தக் கருவி குழலின் தனிக்குணத்துக்கு இடம்விட்டு வடிவமைக்கப்பட்டது என்று பொருள். அப்படி வடிவமைப்பது குற்றமன்று. அது ஒரு தேர்வு. ஆனால் 'என் கருவி அவ்வளவு நுட்பமானது, குழல் வேறுபாட்டைக்கூடக் காட்டிவிடுகிறது' என்று அதைப் பெருமையாகச் சொல்வது பொருந்தாது.

உண்மையான வேறுபாடுகள்

குழல் மாற்றத்தால் உறுதியாக வேறுபடக்கூடியவை சில உண்டு. முதலாவது இரைச்சல். இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிகச் சிறு குறிகையைப் பெருக்கும் முதல் நிலையில் இரைச்சல் குறைந்த குழலைத் தேர்ந்து பொருத்துவது முழுக்க நியாயமானது. இரண்டாவது அதிர்வுணர்வு. குழலின் உள்ளுறுப்புகள் தளர்ந்திருந்தால் ஸ்பீக்கரின் அதிர்வையே அது குறிகையாக மாற்றிவிடும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை போலக் கேட்கும். மூன்றாவது, ஒரே கண்ணாடிக்குள் உள்ள இரண்டு மும்முனையங்களும் ஒத்திராமை. இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் சமமாக இராததற்கு இது காரணமாகலாம்.

நான்காவது உருத்திரிபு. பின்னூட்டமில்லாத மும்முனையச் சுற்றில் இரண்டாம் சீரிசை மேலோங்கி இருக்கும். அது அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு. நம் இசையில் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்துக்கும் தார ஸ்தாயி ஸட்ஜத்துக்கும் உள்ள உறவு. அதனால் அது காதுக்கு இசைந்தே ஒலிக்கிறது. வெதுவெதுப்பான ஒலி என்று ரசிகர்கள் சொல்வதில் இதற்குப் பங்கு உண்டு. அதை விரும்புவது அவரவர் உரிமை. ஆனால் அது பதிவில் இல்லாத ஒன்று, கருவி சேர்த்தது.

இவை யாவும் தனித்தனிக் குழலைப் பொறுத்தவை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு குழல்களிலும் இவை வேறுபடலாம்.

காதும் சான்றும்

குழல் ஒலியின் மேன்மைக்குச் சான்றாக ரசெல் ஹாம் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அடிக்கடி காட்டப்படுகிறது. அவர் முதன்மையாக ஆராய்ந்தது, ஒலிவாங்கியின் முன்பெருக்கி அளவுமீறித் தூண்டப்படும்போது குழலும் டிரான்சிஸ்டரும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை. வீட்டில் அளவோடு இசை கேட்பவர் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1978இல் குவாட் நிறுவனத்தின் குழல் பெருக்கியையும் இரண்டு டிரான்சிஸ்டர் பெருக்கிகளையும், எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் ஒப்பிட்டபோது, கேட்டவர்களால் நம்பத்தக்க வகையில் பிரித்தறிய முடியவில்லை. அது குழலுக்குக் குழல் ஒப்பிட்ட சோதனை அன்று. ஆயினும் நல்ல வடிவமைப்பும் சரியான ஒலியளவும் இருந்தால் வேறுபாடு எவ்வளவு சுருங்கும் என்பதை அது காட்டுகிறது.

குழலை மாற்றிக் கேட்பதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. கருவியை நிறுத்தி, குழல் ஆறும்வரை காத்திருந்து, மாற்றி, மீண்டும் சூடேற்ற வேண்டும். அதற்குள் பல நிமிடங்கள் ஓடிவிடும். ஒலியின் நுண்மைகளை நினைவு அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. இரண்டில் சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று மனம் கொள்வதும் இயல்பு. நூறு மடங்கு விலை கொடுத்து வாங்கிய குழல் என்று முன்பே தெரிந்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவர் பொய் சொல்கிறார் என்பது இதன் பொருளன்று. அவர் கேட்டதில் எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது.

பெயரும் விலையும்

இங்கிலாந்தின் முல்லார்டு, ஜெர்மனியின் டெலிஃபங்கன் ஆகிய பெயர்களுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அவை திறம்படச் செய்யப்பட்ட குழல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காலத்திலேயே நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று குழல்களை வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றன. பெயரைப் பார்த்துத் தொழிற்சாலையை முடிவு செய்ய இயலாது. பிலிப்ஸ் குழுமத்தின் குழல்களில் கண்ணாடியின் அடியில் உள்ள சிறு குறியீடே எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதைக் காட்டும். முல்லார்டு என்ற பெயரை இப்போது பயன்படுத்துவது ஓர் அமெரிக்க நிறுவனம். அப்பெயரில் வரும் புதிய குழல்கள் ரஷ்யாவின் சரடோவ் நகரில் தயாராகின்றன. இதற்கு மேல் அச்சு மாற்றிய போலிகளும் உலவுகின்றன.

பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பிலிப்ஸின் தொழில்நுட்பத்துடன் 1961இல் ரேடியோ வால்வு தயாரிப்பில் இறங்கியது. அந்த இந்திய வால்வுகளையும் இப்போது தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். பழைய ரேடியோவில் சாதாரணப் பொருளாக இருந்தது அரும்பொருளாகிவிட்டது. அதற்கு ஒலியைவிட அருமைப்பாடு பெரிய காரணம்.

செய்யத் தகாதவை

சில மாற்றங்கள் ரசனையைத் தாண்டி ஆபத்தில் முடியும். அலைதிருத்திக் குழல்களான ஜிஇசட்34, 5யூ4ஜி இரண்டும் ஒரே தாங்கியில் உட்காரும். முதலாவதன் சூடேற்றும் இழைக்கு 1.9 ஆம்பியர் போதும். இரண்டாவதற்கு 3 ஆம்பியர் வேண்டும். அதற்கென அமையாத மின்மாற்றி சூடேறிக் கெடலாம். வெளியீட்டுக் குழலை மாற்றினால் அதன் ஓய்வுநிலை மின்னோட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே பல நூறு வோல்ட் இருக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் அது சிறிது நேரம் தங்கும். பயிற்சி இல்லாதவர் மூடியைத் திறக்கலாகாது.

மதிப்பீடு

குழல் மாற்றம் ஒரு பொழுதுபோக்கு என்ற அளவில் குறை சொல்லத் தக்கதன்று. கருவியை உற்றுக் கேட்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. ஆனால் அது அறிவாகவும் வளர வேண்டுமானால் சில ஒழுங்குகள் தேவை. ஒலியளவை மின்னழுத்தமானியால் சமப்படுத்திய பின் ஒப்பிட வேண்டும். குழலை மாற்றுபவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று குழல்களைக் கேட்ட பின்பே அந்தப் பெயரைப் பற்றிப் பேச வேண்டும். குழலை வாங்கும்போது பெயருக்குக் கொடுக்கும் விலையைச் சோதித்த அளவுகளுக்குக் கொடுப்பது நல்லது. ஸ்பீக்கரை அறையில் ஓர் அடி நகர்த்தி வைப்பதாலும் ஒலி பெரிதும் மாறும். அதற்குக் காசு செலவில்லை. அதை முயன்று பார்த்த பிறகு குழலுக்கு வருவதே முறை.