சொல்லுக்கு அடியில் ஓடும் இசை

எங்கள் சிக்பேட்டைக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் கிறித்துவர். முப்பது வருஷச் சிநேகம். அவர் மறைந்து ஓராண்டு ஆனபோது சிவாஜிநகர் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் நினைவு ஆராதனை வைத்தார்கள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். போதகர் பேச எழுந்து வாயைத் திறக்கும் முன்பே கீபோர்டு தொடங்கிவிட்டது. ஜமுக்காளம் விரித்தாற்போல மெல்லிய ஓசை. அவர் குரல் தாழ்ந்தால் அதுவும் தாழ்ந்தது. குரல் தழுதழுத்தால் அதுவும் உருகியது. பத்து நிமிஷத்தில் என் கண் கலங்கிற்று. பேத்தியும் அழுதாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்: "பாஸ்டர் என்னம்மா சொன்னார்?"

"தெரியல தாத்தா. ஆனா ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் கன்னடமும் இங்கிலீஷும் படிக்கிற பிள்ளை. வீட்டில் பேசும் தமிழ் மட்டுமே தெரியும். அவளைக் குறை சொல்லலாகாது. நாற்பது வருஷமாகத் தமிழ் நூல்களோடு கிடக்கிற எனக்கு என்ன வந்தது? என் சிநேகிதரைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வாக்கியமாவது மனசில் நிற்க வேண்டாமா? நிற்கவில்லை. அழுதது மட்டும் நினைவிருக்கிறது. இக்கட்டுரைக்குக் காரணம் இதுதான்.

பிற சமயத்தார் வழிபாட்டில் குற்றம் காண நான் முன்வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வி எங்கள் சமணத்துக்குள்ளேயே இருக்கிறது. தீர்த்தங்கரர் சமவசரணத்தில் அமர்ந்து அறமுரைக்கும்போது தோன்றும் எட்டுச் சிறப்புகளில் திவ்வியத்வனி ஒன்று. வந்தவாசி, பொன்னூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் திகம்பர மரபினர். எங்கள் மரபில் அது பகவானிடமிருந்து எழும் ஒலியேதான்; அதைக் கணதரர்கள் விளக்கினார்கள். தேவதுந்துபி என்ற முரசும் எட்டில் ஒன்று. ஆனால் அது வேறு, திவ்வியத்வனி வேறு. எங்கள் கடைத்தெருவில் இருக்கும் சுவேதாம்பர மார்வாடி நண்பர்களோ வேறுவிதமாகச் சொல்வார்கள்: பகவான் மாலகோச ராகத்தில் உபதேசித்தார், தேவர்கள் குழலூதி அக்குரலை நிறைவித்தார்கள் என்று. ஆக, பேச்சுக்குப் பின்னணி இசை இன்றைக்கு நேற்று வந்த எண்ணமல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ராகம் பகவானின் குரலில் முன்பே இருந்தது. குழல் அதற்குப் பின்னால் போனது.

பக்கவாத்தியம் எப்படி இருக்கவேண்டும் என்பதை, சமணத் துறவி என்று நாங்கள் உரிமை கொண்டாடும் இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் வகுத்திருக்கிறார். மாதவி ஆடும் அரங்கில் தண்ணுமை வாசிப்பவன் மற்றக் கருவிகளில் குறை விழும் இடத்தை நிரப்ப வேண்டும், மிகையை அடக்க வேண்டும், தன் கை மேலோங்கக் கூடாது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்துக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது.

தமிழ்க் கிறித்துவத்துக்கும் இது புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பிரசங்கத்தோடு பாட்டைச் சேர்த்துத் தமிழ் முறையிலேயே சபைக்கு எடுத்துச் சொன்னவர். காலட்சேபத்தில் பேச்சு தன் வேலையை முடித்த இடத்தில் பாட்டு எழும். பேசும்போது அடியில் சுருதி மட்டும் நிற்கும். வில்லுப்பாட்டிலும் அண்ணாவி ஒரு வாக்கியத்தை முடித்த பிறகுதான் பக்கத்திலிருப்பவர் "ஆமா" போடுவார். உடுக்கும் குடமும் அந்த இடைவெளியில்தான் பேசும். அமெரிக்காவில் 1935-இல் ஹாமண்ட் மின் ஆர்கன் விற்பனைக்கு வந்தபின், குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகள் பலவும் அதை வாங்கின. அங்குள்ள கறுப்பின மக்களின் சபைகளில் போதகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஆர்கன் பதில் சொல்லும். அதுவும் ஒருவகை "ஆமா" தான்.

நான் கேட்ட கீபோர்டு இடைவெளியே விடவில்லை. சுருதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சுருதி ஒரே இடத்தில் நிற்கும். நீ என்ன நினைக்க வேண்டும் என்று சொல்லாது. கீபோர்டில் ஸ்வரக்கூட்டு மாறிக்கொண்டே போகும். இப்போது துக்கப்படு, இப்போது நம்பிக்கை கொள் என்று சொல்லுக்கு முன்னால் அது சொல்லிவிடுகிறது. பழைய சினிமாவில் ஷெனாய் கேட்டதும், முகம் பார்க்கும் முன்பே யாரோ செத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வோமே, அந்த மாதிரி. கண்ணீர் வந்துவிட்டபடியால் அர்த்தமும் வந்துவிட்டதென்று கேட்பவன் எண்ணிக்கொள்கிறான். பேசுபவருக்கும் சௌகரியம், சரக்கு குறைந்தாலும் எடை சரியாகக் காட்டும். வியாபாரி என்பதால் தராசு ஞாபகம் வருகிறது.

வாசித்த பையனிடம் பிறகு பேசினேன். "ஐயா, வெளியே வண்டிச் சத்தம், உள்ளே குழந்தைங்க அழுகை. இது இருந்தா எல்லாம் அடங்கிடும். ஜெபத்துல மனசு ஒருமிக்கும்" என்றான். அவன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் கண்மூடி மௌனமாக ஜெபிக்கும்போது அங்கே கெடுவதற்குச் சொல் இல்லை. இசை தாராளமாக இருக்கட்டும். ஒருவர் எழுந்து ஒரு விஷயத்தைச் சொல்லும்போதுதான் என் ஆட்சேபம்.

இதைத் தமிழர் அமைப்பின் மலரில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். சில வருஷங்களாக நம்முடைய கவியரங்கத்திலும் இரங்கல் கூட்டத்திலும்கூட இந்தக் கீபோர்டு வந்து உட்கார்ந்துவிட்டது. பெங்களூரில் நம் பிள்ளைகளின் காதில் விழும் நல்ல தமிழ் ஏற்கெனவே கொஞ்சம். புரியாத சொல்லைக் கேட்டால் "இதுக்கு என்ன தாத்தா அர்த்தம்?" என்று ஒரு பிள்ளை கேட்கும், அந்தக் கேள்வியில்தான் தமிழ் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இசை அந்தப் பள்ளத்தை மூடிவிட்டால் பிள்ளை கேட்கவே கேட்காது. நன்றாக இருந்தது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. பேசுபவர் பேசி முடிக்கட்டும். பிறகு வாத்தியம் பேசட்டும். திவ்வியத்வனி கேட்டவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் விளங்கியது என்பது எங்கள் நம்பிக்கை. அது தீர்த்தங்கரருக்கு வாய்த்தது. நம் மேடைப் பேச்சாளர்களுக்கு அந்த வரம் இல்லை. அவர்கள் சொல்வது அவர்கள் சொல்லாலேயே விளங்கியாக வேண்டும்.

என் சிநேகிதரைப் பற்றிப் போதகர் என்ன சொன்னார் என்று அவர் மகனிடம் பிறகு கேட்டேன். அவனுக்கும் சரியாக ஞாபகம் இல்லை.