கொம்பு நேராக இருக்கிறது, நிறம்தான் கோணல்

நெற்றியிலிருந்து தொடங்குகிறேன். இந்தச் சிறிய பீவீசீ யானை உருவத்தை நான் வாங்கியதே அந்த நெற்றிக்காகத்தான். நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளை வைத்து 1846இல் ஃபால்கனரும் கோட்லியும் பெயர் சூட்டிய யானை இது. இன்றைய பெயர் பேலியோலொக்ஸோடன் நமடிக்கஸ். அதன் மண்டையோட்டின் உச்சியில் தடித்த எலும்பு மேடு ஒன்று புருவம்போல முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். இவ்வளவு பெரிய தலையைத் தூக்கிப் பிடிக்கும் கழுத்துத் தசைகள் வந்து பற்றுகிற இடம் அது. இதன் உறவான ஐரோப்பிய நேர்தந்த யானையில் அந்த மேடு பொதுவாகச் சிறியது. நம் பக்கத்து இனத்தில் தடிப்பு அதிகம். வயது ஏற ஏற அது வளரும், ஆணில் இன்னும் வளரும் என்று லராமெண்டியும் அவருடைய சகாக்களும் 2020இல் விரிவாகவே எழுதினார்கள்.

பல நிறுவனங்கள் இந்த மேட்டைத் தனியாக ஒட்டவைத்ததைப்போல் செய்துவிடும். அல்லது மண்டையோட்டுக்கு மேல் தோலை மட்டும் இழுத்துப் போர்த்தி, கண்ணுக்கு மேலே பெரிய குழி விழுந்த பட்டினி யானையாக்கிவிடும். இந்த உருவத்தைச் செதுக்கியவர் அப்படிச் செய்யவில்லை. மேட்டின் மேல் தசை இருக்கிறது, தசையின் மேல் தோல் சுருங்குகிறது, பக்கவாட்டில் பார்த்தால் பிடரி வரைக்கும் ஒரே ஓட்டம். எலும்பைப் படித்த கை அது. சில வாரங்களாக மேசை விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த நெற்றியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதில்லை. என் அலுமாரியில் உள்ள பழங்கால யானைகளில் பாதிக்குமேல் அதே குறையோடுதான் நிற்கின்றன.

அளவு 1:40. தோள் உயரம் 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், அதாவது நாலரை மீற்றர் ஆண் யானை. ஒரு தொடையெலும்புத் துண்டை வைத்து 5.2 மீற்றர், 22 தொன் என்று 2016இல் வந்த கணக்கைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் நின்றது நல்ல முடிவு. அதே அளவில் நம் நாட்டுப் பெரிய ஆண் யானையைச் செய்தால் எட்டுச் சென்ரிமீற்றரைத் தாண்டுவது கடினம். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது லயத்துப் பிள்ளை ஒருத்தன், "இது நம்ம யானை இல்லையே மாமா, கொம்பு தரையில முட்டுதே" என்றான். இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு கிடையாது என்பதால் அவனுடைய வியப்பு நியாயமானது.

கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பார்சல் கொழும்பு வெயிலில் எங்கோ கிடந்து வந்ததில் இடது கொம்பு வளைந்திருந்தது. மெல்லிய பீவீசீ என்றால் இது நடக்கும். கொதித்து இறக்கிய நீரில் கொஞ்ச நேரம் பிடித்து, இளகியதும் நேராக்கி, உடனே குளிர்நீரில் விடவேண்டும். இதில் மலையகத்தாருக்கு ஒரு வசதி: ஐஸ் தேட வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரே போதும். நேராக்கிய கொம்பு பிறகு வளையவுமில்லை. தாழ்நிலத்து நண்பர்களின் அலுமாரிகளில் இரண்டு கால் டைனோசர்கள் மார்ச், ஏப்ரலில் முன்னுக்குச் சாயும். எங்கள் குளிரில் அந்தத் தொல்லை குறைவு.

இனி நிறம்.

தொழிற்சாலை இந்த யானைக்குச் சாம்பல் பூசியிருக்கிறது. முதுகில் கருஞ்சாம்பல், வயிற்றுக்கு வரவர வெளிர்சாம்பல். மேலிருந்து தெளிப்பானால் அடித்த அடையாளம் அப்படியே தெரிகிறது. அதன் மேல் காது விளிம்பிலும் துதிக்கையிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பார்த்ததும் யாருக்கும் பிடித்துவிடும், எனக்கும் முதல்நாள் பிடித்தது. ஆனால் அந்தப் புள்ளிகள் யாருடையவை? ஆசிய யானையுடையவை. அதிலும் இலங்கை யானைக்குத்தான் காது, முகம், துதிக்கை, வயிறு என்று நிறமிழந்த திட்டுகள் கூடுதலாக விழும். நேர்தந்த யானையோ ஆசிய யானையின் நெருங்கிய சொந்தமில்லை. ஜெர்மனியில் கிடைத்த ஐரோப்பிய நேர்தந்த யானை எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அந்த யானையை ஆப்பிரிக்கக் காட்டு யானையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நர்மதை யானை அந்த ஐரோப்பிய யானையின் நெருங்கிய உறவு இனம். ஆப்பிரிக்க யானைகளின் முகத்தில் இப்படிப் பூ விழுவது வழக்கமில்லை. செதுக்கியவர் மண்டையோட்டைப் பார்த்திருக்கிறார். நிறம் தீட்டியவர் மிருகக்காட்சிச்சாலை யானையைப் பார்த்திருக்கிறார். ஒரே உருவத்தில் இரண்டு விலங்குகள் நிற்கின்றன.

சேகரிப்பவர்களான நாங்கள் விரல்நகத்தை எண்ணுகிறோம், பல்வரிசையை அளக்கிறோம், நிறம் என்று வந்தால் மட்டும் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. யானையின் நிறத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது.

மலையகத்துக்காரர்கள் யானைத் தோலை எங்கே பார்க்கிறோம்? கண்டிப் பெரஹெராவில். அங்கே உடம்பெல்லாம் துணியும் விளக்குமாகத்தான் யானை வரும். நாம் காண்பது கழுவித் துடைத்த முகமும் அதிலுள்ள சிவப்புப் பூவும். வீட்டுப் பக்கத்தில் பார்க்க யானை இல்லை. சிவனொளிபாதமலைக் காட்டில் மிஞ்சியிருக்கும் சிலவற்றைத் தவிர, இந்த மலைகளில் யானை முடிந்துவிட்டது. ஒருகாலத்தில் ஹோர்டன் சமவெளி வரைக்கும் நடமாடிய கூட்டங்கள் அவை. நுவரெலியாவில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸின் கல்லறை இருக்கிறது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுபவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்த வேட்டையும், காட்டை எரித்துப் போட்ட கோப்பித் தோட்டங்களும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலையும் சேர்ந்து யானையை இங்கிருந்து எடுத்துவிட்டன. அதனால்தான் பெரஹெரா முகத்தையே யானையின் முழுத் தோல் என்று நம்புகிறோம். அதே முகத்தைத் தொழிற்சாலை திருப்பித் தரும்போது கேள்வியின்றி வாங்கிக்கொள்கிறோம்.

காட்டு யானை சாம்பல் நிறத்தில் இருப்பது குளித்துக் கரையேறிய சற்று நேரத்துக்குத்தான். மற்ற வேளையில் அது எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் நிறம். கென்யாவின் சாவோவில் யானைகள் செங்கல் நிறத்தில் திரிவது அங்குள்ள செம்மண்ணால். ஆப்பிரிக்க யானையின் தோலில் மயிரிழையளவு வெடிப்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. வழவழப்பான தோலைவிட ஐந்து முதல் பத்து மடங்கு நீரை அவை பிடித்துவைக்கும் என்று 2018இல் ஒரு ஆய்வு காட்டியது. நீரோடு சேறும் அந்த வெடிப்புகளில் தங்கும். நேர்தந்த யானை அந்தக் கிளையைச் சேர்ந்ததென்றால், அதன் தோலும் அப்படி வெடித்திருந்திருக்கலாம். செதுக்கியவர் வெடிப்புகளை நேர்த்தியாகக் கீறித்தான் வைத்திருக்கிறார். பூசியவர் அவற்றுக்குள் கறுப்பு மையை ஓடவிட்டுத் துடைத்திருக்கிறார். அங்கே இருந்திருக்க வேண்டியது மண்.

எந்த மண்? அதற்கு விடை எங்களுக்குத் தூரமில்லை. ஹட்டனிலிருந்து சிவனொளிபாதமலையின் மறுபக்கம் இறங்கினால் இரத்தினபுரி. அங்கே மாணிக்கக் குழிகளில் சரளைக்கல் படையான இல்லத்தைத் தோண்டும்போது கல்லோடு கல்லாக விலங்குகளின் பல்லும் எலும்புத் துண்டும் வரும். தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேர்த்து, இலங்கையில் வாழ்ந்து அழிந்த காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம், காட்டெருது என்று ஒரு பெரிய கூட்டத்தையே அடையாளம் காட்டினார். நர்மதை யானையின் இலங்கை வகைக்குச் சிங்கலேயஸ் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கி, பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தபோது இந்தியாவிலிருந்து நடந்து வரத் தடையில்லை. அப்படியென்றால் நீர்யானை கிடந்த சதுப்பிலேயே இந்த யானையும் இறங்கியிருக்கும். காலும் வயிறும் கருஞ்சேறு. கரையேறியதும் யானை துதிக்கையால் புழுதியை வாரித் தலையிலும் முதுகிலும் எறியும். இரத்தினபுரி மேட்டுமண் செம்மண். ஆக முதுகு சிவப்பு. தொழிற்சாலை செய்திருப்பது இதற்கு நேர்மாறு: முதுகு கருமை, வயிறு வெளிர்.

ஆகவே நானே பூசினேன். புள்ளிகளை மறைக்க, நீர்த்த பழுப்பு அக்ரிலிக்கை இரண்டு மூன்று தடவை ஓட்டினேன். மேலே மண் நிறத்துக்கு நிறமி வாங்கவில்லை. தோட்டத்து மண்ணையே எடுத்தேன். மேல்மண் வேண்டாம், அதில் மக்கிய இலை கலந்திருக்கும், எங்கள் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். பாதை வெட்டிய மண்கரையில் நாலடிக்குக் கீழே இருக்கும் செம்மண்ணை எடுத்து, பழைய தாச்சியில் நன்றாக வறுத்து, தேயிலை வடியால் சலித்து, பளபளப்பில்லாத அக்ரிலிக் ஊடகத்தில் குழைத்தேன். முதுகிலும் தலையிலும் தூரிகையால் தட்டித் தட்டிப் பூசி, ஈரமாக இருக்கும்போதே மேடான இடங்களில் துணியால் துடைக்கவேண்டும். வெடிப்புகளில் மண் தங்கும், மேடுகளில் தோல் தெரியும். வயிற்றுக்கும் காலுக்கும் கறுப்போடு பழுப்பைக் கலந்த நீர்த்த பூச்சு போதும். மூடுபனி நாட்களில் ஒரு பூச்சு காய இரவு முழுக்க எடுக்கும், அவசரப்படக்கூடாது. டின்னில் வரும் தெளிப்பு வார்னிஷை இங்கே தொடவே வேண்டாம்; காற்றில் ஈரம் மிகுந்தால் அது வெள்ளை படர்ந்து, செய்த வேலையை எல்லாம் மூடிவிடும். தூரிகையால் பூசும் வார்னிஷையே பாவியுங்கள்.

கண்ணையும் கொம்பையும் விட்டுவைக்க முடியவில்லை. கண்ணுக்குத் தொழிற்சாலை பளபளக்கும் கறுப்புப் பொட்டு வைக்கிறது. யானையின் கண் தேன் கலந்த பழுப்பு, இமை மடிப்புக்குள் பாதி ஒளிந்திருக்கும். கொம்பை வெள்ளைவெளேரென்று விடுவது அதைவிடப் பெரிய குற்றம். நிலத்தைக் கிளறி, மரப்பட்டையை உரித்து, வாழ்நாளெல்லாம் உழைக்கிற பல் அது. அடிப்பக்கம் மஞ்சளும் பழுப்பும் ஏறும். நாம் வலக்கை இடக்கை என்பதைப்போல யானைக்கும் ஒரு பக்கக் கொம்பு கூடுதலாக உழைக்கும், அதன் நுனி தேய்ந்து மழுங்கும். இந்த உருவத்தில் இரண்டு நுனியும் ஒரே கூர். வலக்கொம்பை நான் அரத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கிவிட்டேன்.

தலவாக்கலையில் ஆசிரியராக இருக்கும் நண்பருக்கு இதில் வருத்தம். "புது உருவத்தைக் கெடுத்துவிட்டீர்களே அண்ணன், நீங்கள் பூசியதும் ஊகம்தானே" என்றார். ஊகம்தான். ஆனால் இரண்டு ஊகமும் ஒன்றல்ல. ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை என்று இன்று உயிரோடிருக்கும் மூன்று இனமும் சேற்றில் புரள்கின்றன, புழுதி எறிகின்றன. மூன்றுக்கும் பொதுவான பழக்கம் அழிந்துபோன நாலாவதுக்கும் இருந்தது என்று சொல்ல நியாயம் உண்டு. சிவப்புப் புள்ளியோ மூன்றில் ஒன்றுக்கு மட்டும் உரியது, அதுவும் தூரத்துச் சொந்தத்துக்கு. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதுதான் சேகரிப்பு என்பது அவருடைய கட்சி. தன்னுடையதைத் தொடமாட்டேன் என்கிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது எனக்கு உதவியாகவே இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால், தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் தயங்காமல் வாங்கலாம். இந்த நெற்றிக்கும் பிடரிக்கும் கொடுக்கும் பணம் வீண்போகாது. பூசும் எண்ணமே இல்லாதவர் கொஞ்சம் பொறுக்கலாம். அடுத்த பதிப்பில் நிறம் மாறினால் மாறும். அந்த நிறுவனத்துக்கு நான் எழுதியனுப்பிய கடிதத்தில் மூன்றே கோரிக்கைகள்: புள்ளிகளை எடுங்கள், தெளிப்பானைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றைக் கருப்பாக்குங்கள், கொம்பில் ஒன்றைத் தேய்த்து அனுப்புங்கள். மூன்றையும் செய்து வந்தால் இன்னொன்று வாங்குவேன்.